டெஸ்க்டாப் மென்பொருளில் பயனர் செயலற்றிருப்பதைக் கண்டறிவது: முழுமையான வழிகாட்டி

"10 நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் லாக் ஆக வேண்டும்." தேவைப் பட்டியலில் இது ஒற்றை வரியாகத்தான் வரும். அதற்கு எழுத வேண்டிய கோடும் (நிரல்) பெரிதாக இருக்காது. விண்டோஸில் ஒரு ஃபங்ஷனை அழைத்தால் எண் கையில் கிடைத்துவிடும். ஆனால் கடைசியாக ஒரு விசையோ மவுஸோ எப்போது அசைந்தது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். ஆள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்று அதற்குத் தெரியாது. "படித்துக்கொண்டிருக்கும்போதே லாக் ஆகிவிட்டது", "லேப்டாப்பைத் திறந்தால் லாக் ஆகாமல் அப்படியே இருக்கிறது" என்று வரும் புகார்கள் எல்லாம் இந்த இடைவெளியில் பிறப்பவைதான். அதனால் எண்ணை எடுக்கும் முறையோடு நிறுத்தாமல், அதை வைத்து எப்படி முடிவெடுப்பது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

கோடில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்தில், படிக்க வசதியாக இடைவெளி விட்டு எழுதியிருக்கிறேன். கோடில் அவற்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: எதற்காகக் கண்டறிகிறோம்?

ஐடில் நேரத்தை, அதாவது பயனர் எதையும் தொடாமல் இருக்கும் நேரத்தை, கேட்கும் மென்பொருள்கள் பொதுவாக நான்கு வகை. பாதுகாப்புக்காக லாக் செய்பவை, வேலை நேரத்தைக் கணக்கிடுபவை, சாட்டில் "இடத்தில் இல்லை" என்று காட்டுபவை, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கனமான வேலையைப் பின்னணியில் ஓட்டுபவை.

நான்கிலும் தவறு நேர்ந்தால் ஆகும் சேதம் வேறு வேறு. பின்னணி வேலை தப்பான நேரத்தில் தொடங்கினால், அடுத்த விசை அழுத்தப்பட்டதும் நிறுத்திவிடலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது. லாக் ஆக வேண்டிய திரை லாக் ஆகாமல் இருந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நேரக் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. வரம்பு 10 நிமிடம் என்றால், ஐடில் என்று உங்களுக்குத் தெரியவரும் கணத்தில் பயனர் ஏற்கெனவே 10 நிமிடமாக எதையும் தொடவில்லை. ஆகவே வேலை நின்ற நேரம் "இப்போது" அல்ல, 10 நிமிடத்துக்கு முன்பு. இந்தப் பின்தேதிக் கணக்கைப் போடாத நேரக் கணக்கு மென்பொருள் ஒவ்வோர் இடைவேளைக்கும் 10 நிமிடத்தைச் சும்மா சேர்த்துக்கொண்டே போகும்.

அடுத்து எல்லை. கணினி முழுவதும் நடக்கும் அசைவு வேண்டுமா, உங்கள் மென்பொருளுக்குள் நடப்பது மட்டும் போதுமா? உங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பயனர் 20 நிமிடம் வேறொரு விரிதாளில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினி அளவில் பார்த்தால் அவர் சுறுசுறுப்பாக இருக்கிறார். உங்கள் மென்பொருள் அளவில் பார்த்தால் ஐடில். ஆள் எழுந்து போன பிறகு திரையை மூடுவதுதான் நோக்கம் என்றால் கணினி அளவு போதும். திறந்த கணக்கு ஒன்று பயன்பாடில்லாமல் நீண்ட நேரம் உள்ளே இருக்கக்கூடாது என்பது நோக்கம் என்றால் மென்பொருள் அளவுதான் சரி. இதை வாடிக்கையாளரிடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: விண்டோஸ், கணினி அளவில்

யூசர்32 நூலகத்தில் கெட் லாஸ்ட் இன்புட் இன்ஃபோ என்ற ஃபங்ஷன் விண்டோஸ் 2000 முதலே இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் கட்டமைப்பில் இரண்டே புலங்கள். முதலாவது கட்டமைப்பின் அளவு, 8 பைட். இதை நிரப்பாமல் அழைத்தால் தோல்வி என்றே திரும்பும். இரண்டாவது, கடைசி உள்ளீடு வந்த நேரம். இது கடிகார நேரம் அல்ல, கணினி தொடங்கியதிலிருந்து எண்ணும் மில்லி நொடி. இப்போதைய எண்ணைக் கெட் டிக் கவுண்ட் தரும். இரண்டையும் கழித்தால் ஐடில் நேரம்.

இந்தக் கழித்தலில்தான் கவனம் வேண்டும். எண் 32 பிட் என்பதால் ஏறத்தாழ 49.7 நாளில் நிரம்பி மறுபடி 0-வில் தொடங்கும். கடைசி உள்ளீடு 4294967000 என்ற கணத்தில் வந்தது, இப்போது எண் சுழன்று 704-இல் நிற்கிறது என்றால், குறியில்லாத (எதிர்மறை மதிப்பே இல்லாத) 32 பிட் கழித்தல் 1000 என்று சரியான விடையைத் தரும். 1 நொடி, அவ்வளவுதான். "64 பிட் எண் இருக்கும்போது பழையது எதற்கு?" என்று கெட் டிக் கவுண்ட் 64-ஐ ஒரு பக்கம் போட்டால் கணக்கு கெடும். ஒரு பக்கம் சுழல்கிறது, மறுபக்கம் சுழலவில்லை. பல வாரம் மறுதொடக்கம் காணாத கணினிகளில் மட்டும் காரணமே புரியாமல் லாக் ஆகிறது என்று புகார் வந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள். டாட்நெட்டில் என்விரான்மென்ட் டிக் கவுண்ட் குறியுள்ள எண். 24.9 நாளில் அது எதிர்மறைக்குப் போய்விடும். இரண்டு பக்கத்தையும் குறியில்லாத எண்ணாக மாற்றிக்கொண்டு கழியுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு குழி உண்டு. கடைசி உள்ளீட்டு நேரம் எப்போதும் ஏறிக்கொண்டே போகும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. சென்ட் இன்புட் வழியாக மென்பொருள் அனுப்பும் உள்ளீடு தன் நேரத்தைத் தானே சொல்லிக்கொண்டு வரும். அது "இப்போது" என்பதைவிடச் சில மில்லி நொடி பிந்தைய நேரமாக இருந்தாலே போதும், குறியில்லாத கழித்தல் 49 நாள் ஐடில் என்று விடை சொல்லும். மென்பொருளும் உடனே லாக் ஆகும். ஆகவே:

வித்தியாசம் = (இப்போதைய டிக் − கடைசி உள்ளீட்டு டிக்), 32 பிட், குறியில்லாமல்
வித்தியாசம் 2147483647-ஐத் தாண்டினால் → 0 என்று எடு
இல்லையென்றால் → அதுவே ஐடில் நேரம்

25 நாள் யாருமே தொடாத கணினியில் இது தவறாக 0 என்று சொல்லும். அதற்குள் அது லாக் ஆகி எத்தனையோ நாள் ஆகியிருக்கும், போகட்டும்.

இந்த ஃபங்ஷன் தன்னை அழைத்த செஷனை, அதாவது ஒரு பயனர் உள்நுழைந்திருக்கும் அமர்வை, மட்டுமே பார்க்கும். விண்டோஸ் விஸ்டா முதல் சர்வீஸ்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) எல்லாம் செஷன் 0-வில் தனியாக ஓடுகின்றன. அங்கிருந்து கேட்டால் பயனரின் கீபோர்டு பற்றி ஒன்றும் தெரியாது. சர்வீஸுக்கு ஐடில் நேரம் வேண்டும் என்றால் பயனர் செஷனில் சின்ன துணை நிரல் ஒன்றை ஓடவிட்டு, அது சொல்வதைக் கேட்க வேண்டும்.

கீபோர்டு, மவுஸ் ஹூக் (உள்ளீட்டை வழியிலேயே இடைமறிக்கும் கோடு) போட்டு எண்ணலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஒவ்வொரு விசையும் உங்கள் கோடைக் கடந்துதான் போகும். உங்கள் த்ரெட் கொஞ்சம் திணறினாலும் மொத்தக் கணினியின் தட்டச்சும் திணறும். வைரஸ் தடுப்பு மென்பொருள் உங்களை விசை திருடனாகப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு. ஐடில் கணக்குக்கு எந்த விசை என்று தெரியவே தேவையில்லை. தேவையில்லாததைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது.

படி 3: மென்பொருளுக்குள் மட்டும்

இங்கே செய்ய வேண்டியது எளிது. உள்ளீட்டு நிகழ்வு எல்லாம் கடந்து போகும் வாசல் ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு முறையும் "கடைசி அசைவு = இப்போது" என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வாசல் எது என்பது ஜன்னல்களை உருவாக்க நீங்கள் எடுத்த நூலகத்தைப் பொறுத்தது. வின்ஃபார்ம்ஸில் ஐ மெசேஜ் ஃபில்டர். டபிள்யூபிஎஃப்-இல் இன்புட் மேனேஜரின் ப்ரீ ப்ராசஸ் இன்புட். கியூட்டியில் அப்ளிகேஷன் பொருளின் மேல் போடும் ஈவென்ட் ஃபில்டர். ஜாவா ஸ்விங்கில் டூல்கிட்டின் ஏடபிள்யூடி ஈவென்ட் லிசனர். வாசலில் டைமரை நிறுத்தித் தொடங்கும் வேலை எல்லாம் வைக்காதீர்கள். மவுஸ் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கில் நிகழ்வுகளை அனுப்பக்கூடியது. ஒரே ஒரு மாறியில் நேரத்தை எழுதிவிட்டு விலகிவிட வேண்டும்.

வின்ஃபார்ம்ஸில் அப்ளிகேஷன் ஐடில் என்றே ஒரு நிகழ்வு இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மெசேஜ் வரிசை காலியாகும் ஒவ்வொரு முறையும் அது எழும். அதாவது, பயனர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது இரண்டு எழுத்துக்கு நடுவிலும் எழும்.

இந்த முறையில் அதிகம் தொல்லை தருவது பேய் மவுஸ். மவுஸை யாரும் தொடாவிட்டாலும், அதன் சுட்டிக்குக் கீழே ஜன்னல்கள் மாறினால் விண்டோஸ் ஒரு மவுஸ் நகர்வுச் செய்தியை அனுப்பும். சுட்டியின் கீழ் புதிதாக என்ன இருக்கிறதோ அதற்கு விஷயம் தெரிய வேண்டும் அல்லவா? டபிள்யூபிஎஃப்-உம் திரை அமைப்பு மாறும்போது தன் பங்குக்கு இப்படி ஒன்றைக் கிளப்பும். விளைவைப் பாருங்கள். ஐடில் ஆனதும் "இன்னும் 60 நொடியில் லாக் ஆகும்" என்ற எச்சரிக்கை ஜன்னல் சுட்டிக்குக் கீழேயே திறக்கிறது. பேய் நகர்வு வருகிறது. ஆள் வந்துவிட்டார் என்று எண்ணி உங்கள் கோடு ஜன்னலை மூடுகிறது. மூடியதும் கீழே இருந்த ஜன்னலுக்கு இன்னொரு பேய் நகர்வு. கணக்கு 0-விலிருந்து மறுபடி தொடங்கும். 10 நிமிடத்துக்கு ஒரு முறை எச்சரிக்கை மின்னி மறையுமே தவிர, அந்த மென்பொருள் லாக் ஆகவே ஆகாது.

தீர்வு எளிது. சுட்டியின் கடைசி இடத்தைத் திரை ஆயத்தொலைவில் நினைவில் வையுங்கள். புதிய நகர்வில் இடம் மாறாவிட்டால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நடுங்கும் மேசையில் ஆப்டிகல் மவுஸ் தானே ஓரிரு பிக்சல் தாவும் என்பதால், 4 அல்லது 5 பிக்சலுக்குக் குறைவான அசைவையும் ஒதுக்கிவிடலாம். படி 2-இல் சொன்ன கணினி அளவு முறையில் இப்படி வடிகட்ட வழியில்லை, அது வந்ததை எல்லாம் உள்ளீடு என்றே சொல்லும்.

படி 4: மேக்

சிஜி ஈவென்ட் சோர்ஸ் செகண்ட்ஸ் சின்ஸ் லாஸ்ட் ஈவென்ட் டைப் என்ற நீளமான பெயர் கொண்ட ஃபங்ஷன் கடைசி நிகழ்விலிருந்து ஆன நொடிகளை நேரடியாகத் தரும். "எந்த உள்ளீடாக இருந்தாலும் சரி" என்பதற்கான மாறிலியைக் கொடுத்து அழையுங்கள். எங்கிருந்து வந்த நிகழ்வுகளை எண்ண வேண்டும் என்று சொல்லும் மூல நிலைக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. வன்பொருள் நிலையைக் கொடுத்தால் நிஜமான கருவிகளிலிருந்து வந்தது மட்டும் கணக்கில் வரும். செஷன் நிலையைக் கொடுத்தால் மென்பொருள் அனுப்பிய நிகழ்வுகளும் சேரும். பாதுகாப்பு லாக்கிற்கு முதலாவதையே எடுங்கள்.

ஐஓ ஹெச்ஐடி சிஸ்டம் பதிவிலுள்ள ஹெச்ஐடி ஐடில் டைம் என்ற மதிப்பையும் படிக்கலாம். அது நானோ நொடியில் இருக்கும், 100 கோடியால் வகுக்க மறக்காதீர்கள். உலகளாவிய கீபோர்டு கண்காணிப்பைப் போட்டால் அணுகல்தன்மை அனுமதி கேட்கும் பெட்டி பயனர் முன் வந்து நிற்கும். வெறும் ஐடில் கணக்குக்காக அந்தப் பெட்டியைக் காட்ட வைப்பது வீண்.

படி 5: லினக்ஸ்

லினக்ஸில் திரையையும் உள்ளீட்டையும் கையாளும் அமைப்பு எக்ஸ்11, வேலண்ட் என்று இரண்டில் ஒன்றாக இருக்கும். எக்ஸ்11 என்றால் ஸ்கிரீன்சேவர் நீட்சியில் எக்ஸ் ஸ்கிரீன்சேவர் குவெரி இன்ஃபோவை அழைத்தால் மில்லி நொடியில் விடை. கட்டளை வரியில் சோதிக்க எக்ஸ்பிரிண்ட்ஐடில் என்ற சின்ன கருவி இருக்கிறது.

வேலண்டில் கதை வேறு. ஒரு மென்பொருள் மற்றவற்றின் உள்ளீட்டை எட்டிப் பார்க்கக்கூடாது என்பதே அதன் அடிப்படைக் கொள்கை. "எத்தனை நொடி ஆயிற்று?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இத்தனை நேரம் ஆனால் சொல்" என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். ஈஎக்ஸ்டி ஐடில் நோட்டிஃபை என்ற நெறிமுறை இதற்காகவே உள்ளது. ஐடில் ஆனதும் ஒரு செய்தி, ஆள் திரும்பியதும் ஒரு செய்தி வரும். ஸ்வே, கேடிஇ பிளாஸ்மா என்ற திரைச் சூழல்கள் இரண்டும் இதை ஆதரிக்கின்றன. க்னோமில் மட்டர் ஐடில் மானிட்டரை, மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாகக் கேட்கலாம். கேடிஇ-க்கு எழுதுபவர்கள் கேஐடில்டைம் நூலகத்தை எடுத்துக்கொண்டால் எக்ஸ்11, வேலண்ட் என்று தனித்தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

வலைத் தொழில்நுட்பத்தால் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதும் எலக்ட்ரானில் எழுதியிருந்தால் பவர் மானிட்டரின் கெட் சிஸ்டம் ஐடில் டைம் மூன்று இயங்குதளத்துக்கும் ஒரே அழைப்பு. விடை நொடியில் வரும். வேலண்டில் மட்டும் நீங்களே சோதித்துப் பார்த்த பிறகு நம்புங்கள்.

படி 6: டைமரைச் சரியாக வைப்பது

ஒவ்வொரு நொடியும் ஐடில் நேரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது வேலை செய்யும். ஆனால் பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் செயலியைச் சும்மா சும்மா எழுப்புவது எதற்கு? மீதியைக் கணக்கிட்டு அவ்வளவு நேரம் தூங்கினால் போதும். வரம்பு 600 நொடி, இப்போது ஐடில் 40 நொடி என்றால் அடுத்த 560 நொடிக்குள் வரம்பை எட்ட வாய்ப்பே இல்லை. 560 நொடி கழித்துப் பாருங்கள். அப்போது ஐடில் 250 என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது 350 நொடி கழித்து. 10 நிமிடத்தில் 600 முறை கேட்டதற்குப் பதில் இரண்டு மூன்று முறை கேட்டாலே முடிந்தது. ஐடில் ஆன பிறகு மட்டும், ஆள் திரும்பியதை உடனே பிடிக்க, நொடிக்கு ஒரு முறை பாருங்கள்.

ஸ்லீப்பைத் தனியாகக் கையாள வேண்டும். பயனர் மூடியை மூடிவிட்டுப் போய் 1 மணி நேரம் கழித்துத் திறக்கிறார். கணினியை எழுப்பிய விசையே புதிய உள்ளீடாகப் பதிவாகிவிட்டால் ஐடில் நேரம் 0 என்று வரும், அந்த 1 மணி நேரம் காணாமல் போய்விடும். ஆகவே உறக்கத்துக்குப் போகும் செய்தி வந்ததும் நேரத்தைக் குறித்து வைத்து, விழிக்கும் செய்தி வந்ததும் முதல் வேலையாக ஒப்பிட வேண்டும். விண்டோஸில் பவர் பிராட்காஸ்ட் செய்தி, மேக்கில் என்எஸ் வொர்க்ஸ்பேஸ் அறிவிப்புகள், லினக்ஸில் லாகின்டியின் பிரிப்பேர் ஃபார் ஸ்லீப் சமிக்ஞை.

ஒப்பிட எந்தக் கடிகாரம்? சுவர்க் கடிகாரம் வேண்டாம், பயனர் நேரத்தை மாற்றினால் கணக்கு குலையும். லினக்ஸில் மோனோடானிக் கடிகாரம் உறக்க நேரத்தை எண்ணாது. பூட் டைம் கடிகாரம் எண்ணும், அதைத்தான் எடுக்க வேண்டும். மேக்கில் மாக் அப்சொல்யூட் டைம் உறக்கத்தில் நின்றுவிடும், மாக் கன்டினியுவஸ் டைம் நிற்காது. விண்டோஸின் டிக் எண்ணிக்கை உறக்கத்தையும் சேர்த்தே எண்ணும்.

பயனரே திரையை லாக் செய்தால் வரம்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அந்தக் கணமே ஐடில்தான். விண்டோஸில் செஷன் மாற்ற அறிவிப்புக்குப் பதிவு செய்துகொண்டால் லாக், அன்லாக், தொலை இணைப்புத் துண்டிப்பு எல்லாம் தெரியவரும்.

படி 7: தொடாமல் இருந்தும் இருப்பவர்

வீடியோ பார்ப்பவர், நீண்ட ஆவணம் படிப்பவர், கூட்டத்தில் திரையைப் பகிர்ந்து பேசிக்கொண்டிருப்பவர், இவர்கள் யாரும் மவுஸைத் தொடுவதில்லை. வீடியோ பிளேயர்கள் திரை அணையாமல் இருக்க செட் த்ரெட் எக்ஸிக்யூஷன் ஸ்டேட்டை அழைப்பதால் கடைசி உள்ளீட்டு நேரம் மாறாது. திரை அணையாது, ஆனால் உங்கள் எண் ஏறிக்கொண்டே இருக்கும். கேம் கன்ட்ரோலரின் அசைவும் பொதுவாக இந்தக் கணக்கில் வராது.

சாட் நிலைக்கும் நேரக் கணக்குக்கும் இங்கே கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். விண்டோஸில் எஸ்ஹெச் குவெரி யூசர் நோட்டிஃபிகேஷன் ஸ்டேட் முழுத்திரை மென்பொருள் ஓடுகிறதா, விளக்கக்காட்சி நடக்கிறதா என்று சொல்லும். உங்கள் மென்பொருளே கோப்பு ஏற்றுமதி மாதிரி நீண்ட வேலையைச் செய்துகொண்டிருந்தால் அது முடியும்வரை வெளியேற்றத்தைத் தள்ளிப் போடுங்கள். திரையை மறைக்கலாம், வேலையை அறுக்கக்கூடாது. ஆனால் பாதுகாப்பு லாக்கிற்கு "முழுத்திரையில் ஏதோ ஓடுகிறது" என்பதைச் சாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். யாரும் இல்லாத அறையிலும் வீடியோ ஓடும்.

மறுபக்கம், மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கும் சின்ன யுஎஸ்பி கருவிகள் இருக்கின்றன. கணினிக்கு அது நிஜ மவுஸ்தான், உங்கள் கோடால் நம்பகமாகப் பிரித்துப் பார்க்க முடியாது. ஐடில் எண்ணை வைத்து ஊழியரின் உழைப்பை அளக்கக் கேட்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

படி 8: எச்சரிக்கை, லாக், திரும்புதல்

நிலைகளைப் பெயரிட்டு எழுதுங்கள்: இயக்கம், எச்சரிக்கை, லாக். உண்மை, பொய் என்று நாலைந்து கொடிகளை வைத்து ஓட்டினால், எச்சரிக்கை ஓடும்போது மூடியை மூடித் திறப்பது போன்ற சந்தர்ப்பங்களில் சிக்கிக்கொள்வீர்கள்.

வரம்பு எவ்வளவு? கட்டண அட்டைத் தரவைத் தொடும் இடங்களில் பிசிஐ டிஎஸ்எஸ் விதி 15 நிமிடத்துக்கு மேல் ஐடிலாக இருந்தால் மறுபடி உள்நுழையக் கேட்கிறது. மற்ற இடங்களில் நிர்வாகி மாற்றிக்கொள்ளும் அமைப்பாக விட்டுவிடுங்கள். எச்சரிக்கைக்கு, அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி குறைந்தது 20 நொடி அவகாசமும், ஒரு விசையை அழுத்துவது போன்ற எளிய செயலால் நேரத்தை நீட்டிக்கும் வசதியும் வேண்டும் என்கிறது. மெதுவாகத் தட்டச்சு செய்பவருக்கு 20 நொடியே குறைவு, 60 வைத்தால் நிம்மதி.

எச்சரிக்கை ஜன்னலில் என்டர் அழுத்தினால் நடக்கும் இயல்புச் செயல் "தொடர்" என்றே இருக்கட்டும், "வெளியேறு" என்று வைக்காதீர்கள். திரை மறைந்திருக்கும்போது அழுத்தும் முதல் விசையை விழுங்கிவிடுங்கள். திரையை எழுப்பத்தான் அவர் அதை அழுத்துகிறார். அது பின்னால் உள்ள படிவத்துக்குப் போய் ஒரு வரிசையை அழித்துவிடக்கூடாது. லாக் ஆகும்போது பாதி நிரப்பிய படிவம் அப்படியே காத்திருக்க வேண்டும்.

சர்வரோடு பேசும் மென்பொருளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. புதிய செய்தி வந்ததா என்று அது 30 நொடிக்கு ஒரு முறை தானாகவே சர்வரைக் கேட்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் செஷனை நீட்டிக்கும் சர்வராக இருந்தால், ஆள் ஊருக்கே போய்விட்டாலும் செஷன் உயிரோடு இருக்கும். தானாகப் போகும் கோரிக்கைகளுக்குத் தனி அடையாளம் வைத்து, அவற்றால் செஷன் நீளாதபடி செய்யுங்கள்.

படி 9: சோதனை

10 நிமிடம் உட்கார்ந்து காத்திருக்கும் சோதனையை யாரும் இரண்டாம் முறை செய்ய மாட்டார்கள். கடிகாரத்தையும் ஐடில் மூலத்தையும் வெளியிலிருந்து கொடுக்கும்படி கோடை எழுதினால், போலிக் கடிகாரத்தை ஒரே தாவலில் 10 நிமிடம் நகர்த்திவிடலாம். 49.7 நாள் சுழற்சியையும் இப்படித்தான் சோதிக்க முடியும். போலி டிக்கை உச்சத்துக்கு 500 மில்லி நொடி முன்னால் தொடங்கி ஓடவிடுங்கள்.

தானியங்கித் திரைச் சோதனைக் கருவி சென்ட் இன்புட் வழியாக விசை அனுப்பினால் அதுவும் உள்ளீடாகவே எண்ணப்படும். அந்தக் கருவி ஓடும் கணினியில் ஐடில் வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

கையால் பார்க்க வேண்டியவையும் உண்டு. மூடியை மூடித் திறப்பது, தொலை இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைப்பது, எச்சரிக்கை சரியாகச் சுட்டிக்குக் கீழே திறக்கும்படி வைத்துவிட்டுக் கையை எடுப்பது, ஒரு செஷனிலிருந்து இன்னொரு பயனருக்கு மாறுவது. வெளியிட்ட பிறகு நிலை மாறும் ஒவ்வொரு முறையும் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள்: முந்தைய நிலை, புதிய நிலை, அப்போதைய ஐடில் எண், காரணம் வரம்பா, ஸ்லீப்பா, திரை லாக்கா. எந்த விசை, எந்த ஜன்னல் என்பதெல்லாம் அதில் வேண்டாம். "சும்மாவே லாக் ஆகிறது" என்று அடுத்த புகார் வரும்போது அந்த ஒரு வரியைப் பார்த்தாலே எந்தப் படியைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.